கேட்காத கேள்விக்குப் பாக்கியசீலன் வைத்த பதில்

அடிக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. பார்வதியம்மாள் கண்ணில் பட்டதெல்லாம் நிஜம்தான், அதை நான் மறுக்கவில்லை. எலிசபெத் டீச்சர் கையில் கரண்டி இருந்தது. அவள் மகன் பாக்கியசீலன் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினான். டீச்சர் அவனுக்குப் பின்னால் ஓடினாள். பெரிய அண்டா ஒன்று வாய்க்கால் வரைக்கும் உருண்டு போனது. எல்லாம் சரி. ஆனால் இதையெல்லாம் ஒரே நூலில் கோத்து, "பெத்த தாயே மகனைக் கரண்டியால அடிச்சு, சட்டி பானையெல்லாம் தெருவுல எறிஞ்சு, கல்யாணத்தன்னைக்கே துரத்திட்டா. அந்த ஏரல்காரி சோத்துல மருந்து வச்சுட்டா" என்று குழாயடியில் மாலை கட்டினாளே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் ஆச்சி" என்கிறாள்.

"நீ மச்சுல துணி காயப் போட்டுக்கிட்டு நின்ன. அங்கனருந்து பாத்தா எல்லாம் உச்சந்தலையாத்தான் தெரியும். நான் நடையில நின்னேன். எனக்கு மூஞ்சி தெரிஞ்சுது."

"அப்போ எதுக்கு ஓடுனான்?"

அதைச் சொல்லத்தான் வந்தேன். நடுவில் யாரும் வாய் கொடுக்கக் கூடாது.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் எலிசபெத் டீச்சர் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறாயுசு சொல்லலாம். டீச்சர் புருஷன் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். இருக்கிறது ஒரே மகன். டீச்சருக்குப் பள்ளிக்கூடத்திலேயும் வீட்டிலேயும் ஒரே பழக்கம். கேள்வியையும் அவளே கேட்பாள், பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். பையனுக்கு வாய் திறக்கச் சோலியே இல்லாமல் போயிற்று. பிள்ளை நல்ல பிள்ளை. போட்டதைத் தின்பான், கொடுத்ததை உடுப்பான், என்ன வேணும் என்று கேட்டால் சிரிப்பான்.

முடி வெட்டப் போவான். கடைக்காரர், "எப்படித் தம்பி வெட்ட?" என்பார். இவன் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பான். பதில் வராவிட்டால் அவர் என்ன செய்வார்? முன்னால் உட்கார்ந்து எழுந்தவனுக்கு என்ன வெட்டோ அதையே இவனுக்கும் வெட்டிவிடுவார். ஒரு நாள் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர் துஷ்டி வீட்டுக்காரர். இவன் மொட்டைத் தலையோடு வந்து வாசலில் நின்றான். டீச்சர் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யாருலே செத்தது?"

"யாரும் சாகலம்மா. எனக்கு முன்னால இருந்தவரு வீட்டுல."

அந்த மொட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அந்த மொட்டைதான்.

இப்படி வாய் திறக்காதவனுக்குக் கடவுள் கொடுத்த தொழிலைப் பாருங்கள், ஊரையே கேள்வி கேட்கிற தொழில்! கம்ப்யூட்டரிலும் போனிலும் ஜனங்கள் நிரப்புகிற ஃபாரம் செய்கிறவன் அவன். பேர் என்ன, ஊர் என்ன, பிறந்த தேதி என்ன என்று கட்டம் கட்டமாக வருமே, அந்தக் கட்டத்தையெல்லாம் கட்டுகிற கொத்தனார். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குள் போவான். எங்கள் வீட்டுக் காபியில் சீனி தாராளமாக இருக்கும். காபி என்றால் அதுதான் காபி. அப்படி ஒரு நாள் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டேன், "நீ செய்யுத ஃபாரத்துல அப்படி என்னலே கஷ்டம்? கேக்க வேண்டியதுதானே?"

"கேக்குதது லேசு ஆச்சி. கேக்காம விடுததுதான் கஷ்டம்."

"வெளங்குத மாதிரி சொல்லு."

"உங்க வீட்டுக்கு ஆள் வந்தா காபியா டீயான்னு கேப்பீயளா?"

"அதென்ன கேள்வி? காபிதான். கேட்டுக்கிட்டு நின்னா வந்தவன் வேண்டாம்னுட்டு எந்திரிச்சுப் போயிருவான்."

"அவ்வளவுதான் ஆச்சி. கேக்காத கேள்விக்கும் உள்ளுக்குள்ள ஒரு கட்டம் இருக்கும். நிரப்புதவங்க கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு நாமளே ஒரு பதிலை முன்கூட்டி வச்சு விட்டுரணும். அவங்க 'அனுப்பு'ன்னு அமுக்குனா, அவங்க எழுதுனதோட சேந்து அதுவும் போயிரும்."

"அவங்களுக்குத் தெரியாமலா?"

"தெரியாமத்தான்."

"இது களவுல்லாலே?"

"காபி மாதிரி ஆச்சி" என்று சொல்லி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

சரி, இனி ஏரல்காரிக்கு வருவோம்.

பாளையங்கோட்டையில் எலியேசர் அண்ணாச்சி ஒரு திருமணத் தகவல் மையம் வைத்திருக்கிறார். ஜாதகம் பார்க்கிற வீட்டுக்கும் வரன் பார்ப்பார், ஞானஸ்நானம் பார்க்கிற வீட்டுக்கும் பார்ப்பார். ஊரெல்லாம் போனில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டதே என்று, தன் மையத்தையும் போனுக்குள் ஏற்றித் தரச் சொல்லிப் பாக்கியசீலனைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அந்த நேரம் ஏரலிலிருந்து ரிச்சர்ட் என்கிறவர் தன் மகள் கெசியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆற்றங்கரையில் வாழைத்தோட்டம் உள்ள மனுஷர். பெண்சாதி இல்லை, ஒரே மகள். இலைக்கட்டு, தார், வெட்டுக்கூலி, லாரி எல்லாம் மகள் கையில்.

கெசியா எலியேசர் அண்ணாச்சியின் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாளாம், "அண்ணாச்சி, கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ளை எங்க இருப்பாருன்னு இதுல எங்கன கேட்டிருக்கு?"

"அதை எதுக்கும்மா கேக்கணும்? அவரு வீட்டுலதான் இருப்பாரு. நீயும் அங்கனதான் இருப்ப."

"வாழையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வர முடியுமா? நான் ஏரலை விட்டு வர மாட்டேன். வாரவருதான் அங்க வரணும். இதை முதல்லயே கேட்டுட்டா ரெண்டு பேருக்கும் பஸ் காசு மிச்சம்லா?"

எலியேசர் அண்ணாச்சிக்கு இருமல் வந்துவிட்டது. மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பாக்கியசீலன் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து ஒருத்தரும் தன்னிடம் எதையும் கேட்காமலே எல்லாம் நடந்து பழகியவனுக்கு, இப்படி நேருக்கு நேர் கேட்கிற ஒருத்தியைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும்? எழுதிக்கொண்டிருந்த ஃபாரத்தில் அன்றைக்கே ஒரு கட்டம் கூட்டிக் கட்டினான். 'கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளை குடியிருப்பது: தன் வீட்டில், தனிக்குடித்தனம், பெண் வீட்டில்.' மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும்.

கட்டம் வந்துவிட்டதா என்று கேட்க அவள் போன் பண்ணினாள். வந்துவிட்டது என்று சொல்ல இவன் போன் பண்ணினான். இன்னொரு கட்டம் வேண்டுமா என்று கேட்க மறுபடியும் இவனே பண்ணினான். போனில் பேசுகிறவர்களுக்குக் காரணமா கிடைக்காது? கடைசியில் ஒரு நாள் அவளே போட்டு உடைத்துவிட்டாள்.

"நாசரேத்துல ஒரு இடம் அப்பா பாத்திருக்காவ. அந்த மாப்பிள்ளை ஏரலுக்கே வந்து இருக்கேன்னுட்டாரு. எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க வாயத் தொறந்து வாரேன்னு சொல்லணும். முதல்ல உங்க அம்மாட்ட, பொறவு எங்கப்பாட்ட. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன்."

இவன் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம். போனில் சிரித்தால் தெரியவா போகிறது?

அவன் பாடம் படித்தது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. குளிக்கும்போது தண்ணியை ஊற்றிக்கொண்டே சொல்லிப் பார்ப்பான், "அம்மா, நான் ஏரலுக்குப் போய் இருக்கப் போறேன்." அட்சரம் பிசகாமல் வரும். துவட்டிக்கொண்டு வெளியே வந்து, "அம்மா, நான் ஏரல்…" என்பான்.

"ஏரலுக்கு என்னலே?"

"ஏரல்ல… வாழைப்பழம் நல்லா இருக்குமாம்."

மகன் முதன்முதலாக வாயைத் திறந்து ஒன்றை ஆசைப்பட்டுவிட்டான் என்று டீச்சருக்குக் கண் கலங்கிப் போயிற்று. அன்று தொடங்கி அந்த வீட்டில் சீப்பு சீப்பாக வாழைப்பழம். காலையில் பழம், இட்லியோடு பழம், ராத்திரிக்குப் பழம். மிச்சம் எங்கள் வீட்டுக்கும் வரும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவன் பழத்தை முழுங்கிக்கொண்டிருந்தான்.

இதற்குள் எலியேசர் அண்ணாச்சி ஃபாரத்தைப் பார்த்துவிட்டார். அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "லே, என்ன காரியம் பண்ணிருக்க? மாப்பிள்ளை வீட்டுக்காரன்ட்ட, உம்மவன் பெண் வீட்டுல இருப்பானான்னு கேட்டா செருப்பைக் கழத்துவான். திருநெல்வேலிச் சீமையில வீட்டோட மாப்பிள்ளைன்னு சொன்னா அது ஏச்சுல்லா? மறைலே அதை!" என்றார்.

பிடுங்கி எறியக் கூடாதா என்று நானும் கேட்டேன். மேலே கட்டினதெல்லாம் அந்தக் கட்டத்தின் தலையில் நின்றதாம். நடுச்சுவரில் செங்கலை உருவினால் என்ன ஆகும்? அதனால் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தான். மறைத்ததும் ஃபாரம் நின்றுவிட்டது. எலியேசர் அண்ணாச்சி 'அனுப்பு' என்ற பொத்தானைக் குத்துகிறார், குத்துகிறார், அது போகவே மாட்டேன் என்கிறது.

"என்னலே இது, குத்தக் குத்த முழிக்குது?"

விஷயம் என்னவென்றால், அந்தக் கட்டம் நிரப்பியே தீர வேண்டிய கட்டம். காலியாக இருந்தால், 'ஐயா, இங்கே காலி' என்று அது கத்தும். ஆனால் கட்டத்தை மறைத்தபோது அதன் கூப்பாட்டையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டான்! உள்ளே அது தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிறது, வெளியே ஒருத்தருக்கும் கேட்கவில்லை. அந்தக் கட்டமும் இவனும் ஒரே ஜாதகம்.

அதற்கு வழி, எனக்குக் காபியை வைத்துச் சொன்னானே அதுதான். மறைந்த கட்டத்துக்குள் ஒரு பதிலை முன்கூட்டி வைத்துவிட வேண்டும். வைத்தான். ஃபாரம் விருட்டென்று போயிற்று. அது ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஒரு மாப்பிள்ளை வேண்டுமே. எலியேசர் அண்ணாச்சி பேரன் பேத்தி எடுத்தவர். ஆபீசில் வேறு ஆம்பிளை யார்? தன் பேரையே போட்டு, தன் வயதையே போட்டு, அந்த மறைந்த கட்டத்தில் தன் மனசில் இருந்ததையே வைத்தான். 'பெண் வீட்டில்.' வைத்துவிட்டு, போனில் அவள் பேர் வந்ததும் எழுந்து போனான். மாற்ற மறந்தே போனான்.

மறுநாள் ஃபாரத்தை ஊருக்குத் திறந்துவிட்டார்கள். முடிவெட்டுக் கடை நாற்காலி மாதிரிதான். முன்னால் உட்கார்ந்து எழுந்தவனுக்கு என்ன வெட்டோ, பின்னால் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளைக்கெல்லாம் அதே வெட்டு. கேள்வி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பதில் மட்டும் அவர்களோடு போய், பெண் வீட்டார் பார்க்கிற பக்கத்தில் கொட்டை எழுத்தில் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளை குடியிருப்பது: பெண் வீட்டில்!

ஜில்லாவில் ஒற்றைப் பெண்ணைப் பெற்ற தகப்பன்மாருக்கெல்லாம் அன்றைக்குத் தீபாவளி.

கல்லிடைக்குறிச்சி பாபநாசம் அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. முன்னே வயலும் வரப்புமாக வாழ்ந்த சைவ வீடு. இப்போது வயல் போனாலும் வரப்பில் நடந்த மிடுக்கு போகவில்லை, நடையில் இருக்கிறது. அவர் மகன் மகேஷ் சர்க்கார் உத்தியோகம். அவருக்கு அதே ஊர் அப்பள வியாபாரி ஒருத்தர் போன் போட்டார்.

"சம்பந்தி, தம்பிக்கு உளுந்து மாவு இடிக்கப் பழக்கம் உண்டுமா?"

"என்ன வே சொல்லுதீரு?"

"இல்ல, வந்துதான் பழகணும்னாலும் சரிதான். உரலுக்குப் பக்கத்து ரூமை வெள்ளையடிச்சுப் போட்டிருக்கு. தம்பி பெட்டி படுக்கையோட எப்ப வாராவ?"

இன்னொரு ஆள் பலவேசம். சிமெண்டு வியாபாரம், காதுவரைக்கும் மீசை. அவன் நடந்து வந்தால் தெரு நாய் எழுந்து இடம் விடும். அவன் வீட்டுக்குப் போன் போட்ட அம்மா, "மாப்பிள்ளைக்கு மாட்டுச் சாணி வாடை ஒத்துக்கிடுமா?" என்று பிரியமாக விசாரித்தாளாம்.

எல்லாரும் எலியேசர் அண்ணாச்சியைப் பிடித்தார்கள். அவர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் கோயில் ஆராதனை முடிந்து, பைபிளைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. வீட்டு முன்னால் மீசையும் துண்டுமாக ஒரே கூட்டம். நான் சும்மா இருப்பேனா? என் வீட்டு நடையிலிருந்து இறங்கி அவள் வீட்டு நடையில் ஏறிக்கொண்டேன்.

"எந்த மடையன்லே எம்மவனை வீட்டோட மாப்பிள்ளை ஆக்குனது?" என்று பாபநாசம் அண்ணாச்சி துண்டை உதறினார்.

"அண்ணாச்சி, துண்டை அங்கன நின்னு உதறுங்க. கோலம் கலையுது" என்றேன். கோலம் என் வீட்டுக் கோலம்.

எலியேசர் அண்ணாச்சி பாக்கியசீலன் முன்னால் வந்து நின்றார். "லே, மூணு பதில் இருந்துச்சு. அவன் வீடுன்னு வச்சிருக்கலாம். தனிக்குடித்தனம்னு வச்சிருந்தாலும் ஒருத்தனும் ஏசிருக்க மாட்டான். ஜில்லாவுல ஒருத்தனும் வைக்காத பதிலை நீ ஏம்லே வச்ச?"

இவன் சிரித்தான்.

"சிரிக்காதலே! கை தவறிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லு. இவங்கள்ட்ட நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பிருதேன்."

டீச்சரும் பதறிப்போய், "கை தவறிருக்கும் அண்ணாச்சி. அவன் புள்ளப்பூச்சி. சொல்லுலே, கை தவறிட்டுன்னு சொல்லு" என்று வழக்கம்போலப் பதிலை எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். பாவம், பயலுக்கு வேர்த்து ஊற்றுகிறது. கை தவறிவிட்டது என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. கூட்டம் கலையும், அம்மா சோறு போடுவாள், ஏரல்காரி நாசரேத்துக்காரனைக் கட்டிக்கொள்வாள். எனக்கு மட்டும் விஷயம் தெரியும். சுவர் வழியாகக் கேட்டவள் அல்லவா! சொல்லித் தொலையேன்லே என்று நான் மனசுக்குள் பல்லைக் கடித்தேன்.

அவன் எலியேசர் அண்ணாச்சியைப் பார்த்தான். "கை தவறல" என்றான்.

"பின்ன?"

"அது என் பதில். எல்லாருக்கும் போனது தப்பு. காலையிலேயே எடுத்துட்டேன். எனக்கு மட்டும் எடுக்கல." பிறகு அம்மா பக்கம் திரும்பி, குளிக்கிற இடத்தில் சொல்லிப் பழகின அதே ராகத்தில், "அம்மா, நான் ஏரலுக்குப் போய் இருக்கப் போறேன்" என்றான்.

"வாழைப்பழத்துக்காகவாலே?" என்று கேட்டாள் டீச்சர், பாவம்.

அப்புறம் நடந்த கூப்பாட்டை நான் சொல்ல வேண்டாம். பாபநாசம் அண்ணாச்சி, "தான் கெட்டதும் இல்லாம ஊரையும் கூட்டிக்கிட்டுப் போகப் பாத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டார். எலியேசர் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு, "இனிமே கண்ணுக்குத் தெரியுத மாதிரியே கேட்டுத் தொலைலே. அடி விழுந்தா உனக்கு விழட்டும்" என்றார். கூட்டம் கலைந்து போனது.

கலைந்த பிறகு எங்கள் கொல்லைப்பக்கம் சத்தம். போய்ப் பார்த்தால் பலவேசம். அத்தனை பெரிய மீசையைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறான்.

"ஆச்சி, அந்தத் தம்பியப் பைய ஒரு நிமிஷம் கூப்பிடுங்க."

பாக்கியசீலன் பயந்துகொண்டே வந்தான். பலவேசம் குனிந்து, "தம்பி, எனக்கு எடுத்த பதிலை மட்டும் திருப்பி வச்சிரு. அப்படியே கிடக்கட்டும்" என்றான்.

"சாணி வாடை அண்ணாச்சி?"

"எங்க வீட்டுல அண்ணன் தம்பி அஞ்சு பேரு தம்பி. ஒரு கட்டிலை நான் தனியாப் பாத்ததில்ல. சாணி என்ன, வாசனைதான்."

சரி, டீச்சருக்கு வருவோம். அவள் மகனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், முகம் கொடுக்க மாட்டாள். வாழைப்பழம் நின்றுபோனது. என்னிடம் சுவர்ப்பக்கம் வந்து நின்று, "பொம்பளப் புள்ளயா இருந்தா சீர் செஞ்சு அனுப்பிட்டு அழுதுக்கிடுவேன். இவனை நான் என்னன்னு அனுப்ப?" என்பாள்.

"அதே மாதிரிதான். அனுப்பிட்டு அழு" என்றேன். பட்டென்று கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரிச்சர்டிடமும் அவனே போன் போட்டு, வாரேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டான். அந்த வாரமே கெசியாவும் அவள் அப்பாவும் ஆள் உயரத்துக்கு ஒரு வாழைத்தாரைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, பரீட்சை வைக்கிற மாதிரிக் கேட்டாள், "எம்மவனைக் கூட்டிட்டுப் போறியே, அவனுக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்த. கேட்டுக்கிடுதேன்" என்றாள் அந்தப் பெண். கேட்டே விட்டாள். அவன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது? இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

அவன் தாரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "வாழைப்பழம் பிடிக்காது" என்றான்.

ரிச்சர்ட் தாரை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "சீப்பு சீப்பா வாங்கிப் போட்டேனேலே!"

"நீங்க கேக்கலையேம்மா."

"நல்லதாப் போச்சு. தோட்டத்துல பழம் மிஞ்சும்" என்றாள் கெசியா.

நான் சிரித்த சிரிப்பில் என் பொடி டப்பி கீழே விழுந்தது. டீச்சர் என்னை முறைத்தாள். பிறகு அவளுக்கும் உதடு கோணிற்று. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "நானும் சாயர்புரத்துலருந்து இந்த வீட்டுக்கு வந்தவதான். வாரியாட்டின்னு என்னை ஒருத்தரும் கேக்கல. வண்டி வந்துச்சு, ஏறுனேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அண்டா உருட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மச்சிலிருந்து பாத்திரமெல்லாம் இறக்கிப் புளி போட்டு விளக்குகிறாள்.

"இது எதுக்கு எலிசபெத்து?"

"சீரு. எம்புள்ள வெறுங்கையோட வந்தான்னு ஏரல்ல ஒருத்தி சொல்லப்படாது."

அது சம்மதமா, வீம்பா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் பளபளவென்று விளக்கினாள்.

கோயிலில் மூன்று ஞாயிறு பேர் சொல்லி ஓலை வாசித்துக் கல்யாணமும் நடந்தது. இங்கே நம் ஊர்க் கோயிலில் காலையில் தாலி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் மாப்பிள்ளை புறப்பாடு. வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, மிக்சி, குத்துவிளக்கு மாதிரி ஒரு மேசைவிளக்கு, ஊறுகாய் ஜாடி, எல்லாம் ஏறியது. எல்லாவற்றுக்கும் உச்சியில் அந்த அண்டா. பார்த்தவர்கள் எல்லாம், போகிறது பெண்ணா பையனா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

புறப்படும்போது ஒரு சிக்கல். புதுப்பெண் வீட்டுக்குள் வந்தால் வலது காலை எடுத்து வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை தன் வீட்டை விட்டுப் போனால் எந்தக் கால்? டீச்சர் வலது கால் என்றாள். உள்ளே வருவதற்கு வலது என்றால் வெளியே போவதற்கு இடதுதானே என்றேன் நான். பாக்கியசீலன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்ட கெசியா, "எந்தக் காலா இருந்தாலும் சரி, உங்க காலா இருக்கட்டும்!" என்று கத்தினாள்.

வழிக்கு ஒரு வாய் காபி கொடுக்கலாம் என்று நான் டம்ளரை நீட்டினேன். வாங்கிக் குடித்தான். பாதியில் நிறுத்தினான். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

"ஆச்சி, ஒண்ணு சொல்லட்டா? சீனி ரொம்பக் கூட."

"என்னது?"

"எப்பவுமே கூட ஆச்சி. வாயில பசை மாதிரி ஒட்டும்."

டீச்சர் சிரித்தாள் பாருங்கள், வாழைப்பழத்துக்கு நான் சிரித்ததையெல்லாம் வட்டியோடு சேர்த்துச் சிரித்தாள். எங்கள் வீட்டுக் காபியில் சீனி சரியாகத்தான் இருக்கும். அவன் நாக்கில்தான் கோளாறு. அதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

அந்த நேரத்தில்தான் வண்டிக்காரன் பொறுமை கெட்டு வண்டியை உலுக்கி எடுத்தான். உச்சியில் இருந்த அண்டா சரிந்து, தொம்மென்று தெருவில் விழுந்து, உருண்டது. நம் தெரு வாய்க்கால் பக்கம் பள்ளம். அது உருளுகிற வேகத்தைப் பார்த்து, "ஐயோ, எங்கம்மா வீட்டு அண்டா!" என்று டீச்சர் அலறினாள். பாக்கியசீலன் டம்ளரை என் கையில் திணித்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினான். எந்தக் காலை முன்னால் வைத்தான் என்று நானே கவனிக்கவில்லை, அவ்வளவு வேகம். சீரில் ஏற்றாமல் விட்டுப்போன குழம்புக் கரண்டி ஒன்றைக் கையில் வைத்திருந்த டீச்சரும், கரண்டியோடு அவன் பின்னால் ஓடினாள். மச்சிலிருந்து பார்வதியம்மாள் பார்த்தது இதைத்தான்.

வாய்க்கால் விளிம்பில் அண்டாவைப் பாய்ந்து பிடித்துவிட்டான். வண்டி பின்னாலேயே போய் நின்றது. மேலே ஏற்ற இடமில்லை என்று அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு கெசியா பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே, "அம்மா, சனிக்கிழமை வாரீயளா?" என்று கேட்டான்.

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. வண்டி கிளம்புகிற வரைக்கும் கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றாள். கரண்டியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. முந்தானைக்குள்ளே மறைத்து வைத்துக்கொண்டு, வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியா, கரண்டிய மறந்துட்டான். யாராவது கொண்டுபோய்க் குடுக்கணும்லா?" என்றாள்.